அணியும் அளவும்
பெண்மக்களின் அன்றாட நகை பற்றிய ஒரு வரலாற்றுச் சிந்தனை

தைப்பூச நன்னாளில் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்பார்க்குத் தமிழ்ப் பெண்மக்களின் நகைப் பெட்டி முழுவதும் ஒருங்கே திறந்து வைக்கப்பட்டாற்போலத் தோன்றும். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் வந்தாரும் நகரத்து வணிகர் மனையாரும் ஒரே பாதையில் நடப்பர். ஒருத்தியின் கழுத்தில் அட்டிகைமேல் காசுமாலை, காசுமாலைமேல் ஆரம், அவற்றிடையே தாலிக்கொடி என நான்கும் பின்னிக் கிடக்கும். அவளருகே செல்லும் மற்றொருத்திக்கோ காதில் ஒரு தோடும் கையில் ஒரு வளையுமே உள. முன்னவள் நிறைவு பெற்றவளா? பின்னவள் குறைபட்டவளா? படியேறும் கூட்டத்தோடு ஏறிக்கொண்டே நாம் பன்முறை இவ்வினாவை எண்ணியதுண்டு.

இக்காலத்து அலங்கார நூலார் இதனையே வேறு வகையிற் பேசுகின்றனர். எச்சங்கிலியின்மேல் எச்சங்கிலியை அடுக்குவது, காதணி பெரிதாயிற் கழுத்தணி எவ்வளவு சிறிதாதல் வேண்டும், நாடோறும் அணிவனவற்றுள் எவை ஒன்றோடொன்று ஒத்துச் செல்லும் என்றெல்லாம் அவர் வகுத்துரைப்பர். ஆங்கில வழியிற் கல்வி பயின்ற நாமும் இவையெல்லாம் மேனாட்டார் கண்ட கலை என்றே நெடுநாள் கருதியிருந்தோம். தமிழ் நூல்களைத் தாமே பயிலத் தொடங்கிய பின்னரே அக்கருத்துப் பிழை என்பது விளங்கிற்று. நகையின் அளவைப் பற்றிய வழக்கு நம்மிடையே மிகப் பழையது. அவ்வழக்கில் அழகு மட்டுமன்று, மானமும் உரிமையும் வயிற்றுப்பாடும் கலந்து கிடக்கின்றன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சிலம்பு கூறும் அளவு

நகையைப் பெயராகவே கொண்ட பெருங்காப்பியம் நம்முடையது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி ஒன்று உண்டு. கால்விரலிற் தொடங்கி, அடி, தொடை, இடை, தோள், முன்கை, கைவிரல், கழுத்து, காது எனப் படிப்படியாக மேலேறித் தலைக்கோலத்தில் அது முடிகின்றது. இடையில் அணிந்தது மட்டுமே முப்பத்திரண்டு வடம் கொண்ட முத்துக் கோவை. அடுக்கி அணிதல் என்னும் கலைக்கு இதனினும் விரிவான பட்டியல் வேண்டுவோர் யாண்டுத் தேடினும் எளிதிற் காணார்.

ஆயினும் இளங்கோவடிகள் இப்பட்டியலைத் தனியே நிறுத்தவில்லை. மனையறம்படுத்த காதையிலே புதுமணவாளனாகிய கோவலன் கண்ணகியைப் பார்த்து, மங்கல அணி ஒன்றே போதியதாயிருக்க, நின் தோழியர் பிற அணிகளையெல்லாம் நின்மேல் ஏற்றியது எதன்பொருட்டு என்று வினவுகின்றான். மிகை நகையைப் பற்றித் தமிழில் எழுந்த பழைய கண்டனங்களுள் இஃது ஒன்று என்னலாம். பின்னர் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கணவனைப் பிரிந்த கண்ணகி அம்மங்கல அணியன்றி வேறொன்றிலும் மகிழாதிருக்கும் நிலை கூறப்படுகின்றது. ஆடரங்குக்கு உரியவள் அடுக்கி அணிகின்றாள். மனையில் வருந்தியிருப்பவள் களைந்து வைக்கின்றாள். இடமும் பொழுதும் மனநிலையும் அறிந்து கூட்டியும் குறைத்தும் அணிவதே அளவு என்பது இவற்றாற் பெறப்படும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பொருளெல்லாம் தொலைத்து மீண்ட கோவலனுக்குக் கண்ணகி எடுத்துக் கொடுப்பது தன் காற்சிலம்பையே. அதனை முதலாகக் கொண்டு இழந்ததை ஈட்டலாம் என்றே இருவரும் மதுரைக்குப் புறப்படுகின்றனர். அழகுக்காக அணிந்தது இடுக்கண் வந்த காலத்து முதற்பொருளாயிற்று. இன்று அடகுக் கடை வாயிலில் நிற்கும் ஒவ்வொரு தமிழ்த் தாய்க்கும் இக்கதை புதியதன்று.

தொன்மை என்று நம்பியவை

நம்மவர் நகையைப் பற்றிப் பேசுங்கால், 'இது தொன்றுதொட்டு வந்த வழக்கம்' என்று கூறி வாயடைத்துவிடுவர். எத்துணைத் தொன்மை என்று நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

பொன்னை இடைக்குக் கீழ் அணிதலாகாது, காலுக்கு வெள்ளியே உரியது என்பர். கண்ணகி பாண்டியன் அவையில் தன் காற்சிலம்பைப் பொற்சிலம்பு என்றே கூறுகின்றாள். ஆகவே இவ்விலக்கு அக்காப்பியத்துக்குத் தெரியாத ஒன்று. மூக்குத்தி இன்றித் தமிழ்ப் பெண் முகம் நிறையாது என்பர். சங்கப் பாடல்களில் மூக்கணிக்கு இடமில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் காது, கழுத்து, கை, கால் எல்லாம் அணி நிறைந்திருக்க, மூக்கு வெறிதே காணப்படும். அது பிற்காலத்தே நம்மிடம் வந்து, நம்முடையதே ஆகிவிட்டது. தாலி என்னும் சொல் சங்க நூல்களில் உண்டு. ஆனால் புறநானூற்று 77-ஆம் பாட்டில் அஃது இளஞ்சிறுவன் அணிந்த ஐம்படைத் தாலி. அகநானூற்று 7-ஆம் பாட்டில் சிறுமியின் கழுத்திற் கிடந்த புலிப்பற் தாலி. அகநானூற்று 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் திருமணச் சடங்கை விரித்துரைக்கின்றன; அவ்விரண்டிலும் தாலி கட்டும் செய்தி இல்லை.

இவற்றைக் கூறுவது, மூக்குத்தி அணிவாரையும் தாலி பூண்பாரையும் எள்ளுதற்கன்று. வழக்கம் என்பது ஆற்றுநீர் போல்வது. வழிநெடுகப் புதுநீர் கலந்தே வந்துள்ளது. முன்னையோர் தம் காலத்துக்கேற்பக் கூட்டினர், குறைத்தனர். அவ்வுரிமை நமக்கும் உண்டு என்பதே நாம் கூறவந்தது.

கடல் கடந்த உரைகல்

தமிழர் பொன்னோடு இந்நிலத்திற்கு எப்பொழுது வந்தனர்? 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கிற் கொடியேற்றிய பின்னர் என்று பலர் எண்ணுவர். பினாங்கிற்கு வடக்கே, இதே மேலைக்கடற்கரையில், தாய்லாந்து நாட்டுக் கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு கல் கிடைத்தது. அது பொன்னின் மாற்று அறியப் பயன்பட்ட உரைகல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கின்றது. அறிஞர் அதனைக் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பதன் என்பது பொற்கொல்லன் ஒருவனைக் குறிக்கும் என்றும் கொள்வர். பொற்கொல்லரை நாம் பத்தர் என்றழைக்கின்றோமே, அச்சொல் இங்கு நினைவிற்கு வருதல் இயல்பே. அரசரும் படையும் வருமுன்னரே, தன் உரைகல்லை மடியிற் கட்டிக்கொண்டு ஒரு தொழிலாளி இக்கடலைக் கடந்திருக்கின்றான்!

தாய்நாட்டிலோ பொன்வேலை மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. கொடுமணலில் மணி கடைந்து துளையிடும் தொழில் நடந்த அடையாளங்கள் வெளிப்பட்டன. முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கிய அணிகலன்கள் ஒவ்வொன்றும் எத்தனை முத்து, எத்தனை மணி, எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆடவல்லான் என்னும் பெயர் பூண்ட எடைக்கல்லால் பொன் நிறுக்கப்பட்டது. ஒரே வடமாகிய ஏகாவலியும் அப்பட்டியலில் உண்டு. பல வடங்களும் உண்டு. இறைவனுக்கு அணிந்ததற்கு இத்துணைத் துல்லியமான கணக்கு இருக்க, அதே காலத்து உழவன் மனைவி எதை அணிந்தாள் என்பதைப் பொறிப்பார் எவருமிலர். நகை வரலாற்றிற் பாதி எழுதப்படாத வரலாறு என்பதை நாம் மறத்தலாகாது.

பினாங்கிற் குடியேறிய தமிழர் குவீன் வீதி, பினாங்கு வீதி, மார்க்கெட் வீதி ஆகியவற்றில் வாழ்க்கை தொடங்கினர். குவீன் வீதி மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. வட்டித்தொழில் புரிந்த நகரத்தார், பல உருக்கள் கோத்த கழுத்துருவை மணமகளுக்குப் பூட்டும் தம் மரபோடு வந்தனர். 1894-இல் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வெள்ளித்தேரும் வருவித்தனர். தண்ணீர்மலைக்குச் செல்லும் அத்தேரோடு 2017 முதல் தங்கத்தேர் ஒன்றும் ஓடுகின்றது. தேருக்கு வந்த பொன்னும் வெள்ளியும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. தேரின் பின்னே நடந்த கூலிப்பெண்ணின் காதில் தொங்கிய பொன்னுக்கு எத்தகைய வரலாறு உண்டு என்பதே நம் கேள்வி.

'அணியாதே' என்ற ஆணை

தோட்டங்கட்கு வந்தவருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வறிய குடிகள். அவருள்ளும் பலர் தாழ்த்தப்பட்டோர். அன்னோர்க்குத் தாய்நாட்டில் நகை என்பது விருப்பம் பற்றியதாக இருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுர மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். அவற்றுள் முதலாவது, பொன்னகையும் வெள்ளி நகையும் அணிதல் கூடாது என்பது. பெண்டிர் மேலாடை அணிதலாகாது, பூவும் மஞ்சளும் கூடா, ஆடவர் குடை பிடித்தலும் செருப்பணிதலும் ஆகா என்பன பிற. மீறினோர் குடிசைகள் தீக்கிரையாயின. இச்செய்தியை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி சாதி பற்றித் தாம் எழுதிய நூலிற் பதிந்துள்ளார். இது புராணமன்று, நம் பாட்டனார் காலத்து நிகழ்ச்சி.

தெற்கே திருவாங்கூரில் இதன் மறுபுறத்தைக் காண்கின்றோம். அங்கே புலையர் பெண்டிர் பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. கல்மாலை அணிந்தே தம் சாதியைக் காட்டுதல் வேண்டும். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலகம் மூண்டது. அதன்பின் கொல்லத்திற் கூடிய கூட்டத்தில் அய்யன்காளியின் சொற்கேட்டு, அப்பெண்டிர் தம் கழுத்துக் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். ஓரிடத்தே பொன்னை அணிதல் விடுதலை. மற்றோரிடத்தே மாலையைக் களைதல் விடுதலை. இரண்டும் ஒரே நூலின் இரு முனைகள்: என் உடம்பின்மேல் எது இருத்தல் வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன் என்பதே அந்நூல்.

சீர்திருத்தம் பேசுவோர் பலர் நகையை மூடவழக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். நாமும் ஒருகாலத்து அவ்வாறே பேசினோம். மறுக்கப்பட்டவள் முதன்முதல் ஒரு பவுன் வாங்கிக் கழுத்திலிட்டபோது அவள் நிமிர்ந்த நிமிர்ச்சியை எம்மடமையிற் சேர்ப்பது?

தோட்டத்துப் பவுன்

அந்த ஒரு பவுனுக்கு அவள் கொடுத்த விலை யாது? பவுன் என்பது ஆங்கில அரசின் தங்க நாணயம். ஏறத்தாழ 8 கிராம் எடை, 22 மாற்று. இன்றும் நாம் 8 கிராமைப் பவுன் என்று கணக்கிடுவது அந்நாணயத்தின் நினைவே. காசுமாலை பலவற்றிற் கோக்கப்பட்டதும் அதுவே. 1906 முதல் மலாயா வெள்ளி ஒன்றுக்கு 2 சில்லிங்கு 4 பென்சு என்று மாற்று விலை நிலைப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒரு பவுன் ஏறக்குறைய 8 வெள்ளி 57 காசு. 1920-களின் இறுதியில் வெல்லெஸ்லி மாகாணத் தோட்டங்கட்கு அரசினர் வகுத்த நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. ஒரே மரத்திற் பால் எடுத்தும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு! கணக்கெழுதும் நாம் கணக்கிட்டே கூறுவோம்: உண்ணாமல் உடுக்காமல் 22 நாள் உழைத்தால் ஒரு பவுன் முகமதிப்பு. உண்டும் உடுத்தும் அதனைச் சேர்க்க எத்தனை மாதம் சென்றிருக்கும்! செய்கூலியும் சேதாரமும் இக்கணக்கிற் சேரா.

ஏன் சேர்த்தாள்? அவளுக்கு நிலம் இல்லை. குடியிருந்த லயம் துரையினது. வங்கியின் வாயில் அவளுக்குத் தெரியாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு, கங்காணியும் கணவனும் எளிதில் எடுக்கவியலாதவாறு, ஊருக்குத் திரும்புங்கால் கடலையும் கடக்கவல்ல சொத்து பொன் ஒன்றே. 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். அவர் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் 1945-இல் வெறுங்காகிதமாயின. கூடை நிறைய நோட்டு வைத்திருந்தார் கைவிரித்து நின்றனர். குண்டுமணிப் பொன் வைத்திருந்தவளோ அரிசி வாங்கினாள்.

அக்கொடுங்காலத்திலேதான் நம் பெண்டிர் பொன்னைத் துறந்தும் காட்டினர். 1943-இல் சுபாசு சந்திரபோசு சிங்கப்பூரில் இந்திய விடுதலைக்கு உதவி கேட்டபோது, மலாயாப் பெண்கள் வளையையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த சானகி தேவர் தம் காதணிகளைக் கழற்றித் தந்தார்; பின்னர் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து தலைமையும் ஏற்றார். அம்மையார் 2014-இல் மறைந்தார். அவர் கழற்றியது எவரும் கட்டளையிட்டதனால் அன்று. தாமே அணிந்ததைத் தாமே கழற்றினார். அதனால் அது பெருமையாயிற்று.

நாம் கற்ற பாடம்

இனி நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகட்கு முன், நாம் கிராணியாக இருக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளி அம்மையார் கடன் விண்ணப்பம் ஒன்றை எழுதித் தருமாறு வந்தார். மகளுக்குத் திருமணம். ஆரம் ஒன்று, அட்டிகை ஒன்று, சங்கிலி இரண்டு, வளையல் ஆறு, சிமிக்கி ஒரு சோடி என்று பட்டியல் கையில் இருந்தது. கழிக்கக் கடன் ஐந்தாண்டு பிடிக்கும். நாம் படித்தவற்றையெல்லாம் அவர்மேற் கொட்டினோம். பொன் மோகம் நம் குடியைக் கெடுத்தது என்றோம். ஒரு நகையும் வேண்டா, பதிவுத் திருமணம் போதும் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டிருந்து, பின் சொன்னார்:

"ஐயா, எங்க பழைய தோட்டத்த வித்தப்ப லயத்தக் காலி பண்ணச் சொன்னாங்க. பிள்ளைங்களோட நடுரோட்டுல நின்னோம். எங்கம்மா ரெண்டு காப்பக் கழட்டி அடகு வெச்சாங்க. அதுலதான் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டுனோம். பேங்கு எங்களுக்குக் கதவு தொறக்கல ஐயா. அந்தக் காப்புதான் தொறந்துச்சு."

நாம் நாணினோம். கண்ணகியின் சிலம்பைப் பற்றிக் கட்டுரை எழுத வல்ல நமக்கு, எதிரே நின்ற கண்ணகியை அடையாளம் தெரியவில்லை. சிறிது பொழுது சென்றபின் தாழ்ந்த குரலில், "அம்மா, இந்தப் பட்டியலில் அப்படிக் கதவு திறக்கும் பொருள் எத்தனை?" என்று கேட்டோம். அவர் பட்டியலை மீண்டும் பார்த்தார். வளையல் இரண்டும் சங்கிலி ஒன்றும் மகளுக்கென்று அவரே விரும்பியவை. ஏனையவை மாப்பிள்ளை வீட்டார் கேட்டவையும், மண்டபத்தில் உறவினர் கண்ணுக்கு வேண்டியவையுமே. ஒரு மாதத்துக்குப்பின் வந்து வேறு விண்ணப்பம் எழுதச் சொன்னார். தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. குறைத்தவள் மகளே என்றும், வரனும் அதற்கு உடன்பட்டான் என்றும் கூறினார்.

அளவு யாது?

இவ்வளவும் எண்ணிப் பார்க்கின், அன்றாட நகைக்கு அளவு கூறுதல் அரிதன்று.

உடம்பில் ஓரிடம் தலைமை பெறுதல் வேண்டும். ஏனைய இடங்கள் அதற்குப் பணிதல் வேண்டும். கழுத்து நிறைந்தால் காது எளிதாகட்டும். காதில் சிமிக்கி ஆடினால் கழுத்திற்கு ஒரு மெல்லிய சங்கிலி போதும். இரண்டு மூன்று வடம் அடுக்க விரும்பின், ஒன்று தொண்டைக் குழியிலும் ஒன்று மார்பிலும் ஒன்று அதன்கீழும் நிற்குமாறு இடைவெளி விடுக. ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டால் மூன்றும் கெடும். தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் தோட்டத்திலும் வேலை செய்வோர் பொறியிலும் கிளையிலும் சிக்காத தோடும் நெருங்கிய வளையுமே பூணுக. தொங்குவனவற்றை விழாவிற்கு வைக்க. பொன்னும் வெள்ளியும் கலந்தணிதல் குற்றம் என்று அஞ்சற்க. காலில் வெள்ளியும் காதில் பொன்னும் பூண்ட நம் பாட்டியர் அக்கலவையை நன்கறிவர். சிதம்பரத்துக் கவரிங்கு அணிதல் இழிவன்று. அதனைப் பொன்னென்று காட்ட முயல்வதே வீண் சுமை.

இவற்றினும் பெரிய அளவு ஒன்றுண்டு. அணியும் நகை அணிபவளுக்கே உரியதாயிருத்தல் வேண்டும். அவள் விரும்பிப் பூண்டது, அவள் வேண்டின் கழற்றத்தக்கது, இடுக்கண் வந்தால் அவளே விற்கத்தக்கது என்னும் மூன்றும் பொருந்தினால் ஒரு பவுனும் அழகே, பத்துப் பவுனும் அழகே. பிறர் கேட்டுப் பூட்டியதாயின், ஐந்தாண்டுக் கடன் அதன் பின்னே தொங்குமாயின், ஒரு குண்டுமணியும் அவளுக்கு மிகையே. தடுத்தவன் கையும் திணிப்பவன் கையும் வேறு வேறல்ல என்பதை இராமநாதபுரமும் கொல்லமும் நமக்குக் காட்டின.

சென்ற தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படிக்கட்டில் அம்மணமகளைக் கண்டோம். மலைமேற் கோயிலுக்கு 513 படி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இளைப்பாறும் இடத்தில் நின்றிருந்தாள். இரு கையிலும் ஒவ்வொரு வளையல், கழுத்தில் ஒரு சங்கிலி, காலில் வெள்ளிக் கொலுசு. குழந்தை அச்சங்கிலியைப் பிடித்திழுத்து விளையாடிற்று. எம்மைக் கண்டதும், "வாங்க அண்ணே, கடனு இந்த மாசத்தோட முடியுது" என்றாள். அவள் முகத்திலிருந்த நகையை நிறுக்க எந்தப் பத்தரிடத்தும் எடைக்கல் இல்லை.